நிணநீர்ப் புற்றுநோய் (லிம்போமா): பிரதேசப் பரம்பல்

நிணநீர்க் கணுக்களிலும் அவை சார்ந்த இழையங்களிலும் தோன்றும் புற்றுநோய்களின் தொகுதி. இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த தோமஸ் ஹொட்ஜ்கின் 1832இல் ஒரு வகையை விபரித்தார். எந்த வகை எந்த நாட்டில் எவ்வளவு என்ற கேள்வி சூடுபிடித்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான்.

1957இல் கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலையில் டெனிஸ் பேர்கிற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இரு தாடைகளும் வீங்கிய சிறுவனொருவனைக் கண்டார். சில வாரங்களில் ஜிஞ்சாவில் இன்னொரு பிள்ளை. படம் போட்ட துண்டுப்பிரசுரங்களை ஆபிரிக்க வைத்தியசாலைகளுக்கு அனுப்பி, வந்த பதில்களைத் தேசப்படத்தில் குறித்தார். 1961இல் நண்பர்கள் இருவருடன் 250 பவுணுக்கு வாங்கிய பழைய ஃபோர்ட் வண்டியில் ஏறத்தாழ 16,000 கிலோமீற்றர் சுற்றினார். லிம்போமாவின் ஒரு வகையான இந்நோய் மலைநாட்டில் இல்லை. வெப்பமும் மழையும் உள்ள தாழ்நிலத்தில் மட்டுமே இருந்தது. அது மலேரியாப் பிரதேசத்துடன் பெரிதும் பொருந்தியது. கம்பாலாவிலிருந்து இலண்டனுக்கு அனுப்பிய இக்கட்டியின் மாதிரியொன்று, மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டதால் தாமதித்துக் கலங்கிப்போய்ச் சேர்ந்தது. கலக்கம் கிருமித்தொற்றல்ல, உயிருள்ள கலங்கள். அவற்றை வளர்த்தே எப்ஸ்டைன், அச்சொங், பார் ஆகிய ஆய்வாளர் மூவரும் 1964இல் அவற்றில் ஒரு வைரசைக் கண்டனர்.

ஆனால் அவ்வைரசு உலகில் வளர்ந்தோர் அநேகரிடம் உண்டு. மலேரியாவே துணைக்காரணி என்பர் பலர். ஆபிரிக்காவிலும் நம் வேலிகளிலும் நிற்கும் கொம்புக்கள்ளியின் பாலையும் சிலர் சந்தேகித்தனர்; அது நிறுவப்படவில்லை.

யப்பானின் தென்மேற்கில் செறிந்த ரி-கல வகையைத் தகட்சுகி குழுவினர் 1977இல் இனங்கண்டனர். மூக்கைத் தாக்கும் வகை கிழக்காசியாவிலும் பெருவிலும் கூடுதல். மேற்கில் மலிந்த பொலிக்கியூலர் வகை ஆசியாவில் குறைவு. மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலை 2000இல் வெளியிட்ட 2,773 நோயாளர் ஆய்வில் பரவிய பெரிய பி-கல வகை 34 வீதம்.

இலங்கையில் 1934–35 மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. ஆயினும் அது கொள்ளைநோயாக வந்து போனதே. ஆபிரிக்காவைப்போல் ஆண்டு முழுதும் ஓயாது பரவவில்லை. ஆகவே ஆபிரிக்க நிலைமையை இங்கே அப்படியே பொருத்த முடியாது; உள்ளூர் எண்களையே பார்க்க வேண்டும். தேசியப் புற்றுநோய்ப் பதிவு 1985இல் தொடங்கியது. அதன் எண்கள் நெடுங்காலம் சிகிச்சை நிலையங்களிலிருந்தே, குறிப்பாக மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்தே வந்தன. அங்கே போக நுகேகொடையில் 138 பஸ் ஏறினால் போதும். யாழ்ப்பாணத்தார்க்கு அது இராப்பயணம். அப்படி வந்து வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியவர் அம்முகவரியைச் சொன்னால், அவர் நோய் கொழும்புக் கணக்கில் ஏறிவிடும். கொழும்பு மாவட்டத்துக்குக் குடித்தொகைப் பதிவு பின்னரே வந்தது. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மாவட்டவாரி எண்களை ஒப்பிடுபவர், அவை வதிவிடத்தைக் கொண்டவையா வைத்தியசாலையைக் கொண்டவையா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.