தபர்மக் விற்ற பரதேசி

கடைத்தெருவில் இருந்த தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் கரத்தை விட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்டு வணிகரைக் கண்டித்த வரலாற்றை நாம் அறிவோம். அங்கே சரக்கு இன்னதென்று தெரியும். கைவிட்டுப் பார்க்கவும் முடிந்தது. முன்பின் அறியாத ஒருவன் பெயர் தெரியாச் சரக்கொன்றை நீட்டி, வாங்குக என்றால் எதைக்கொண்டு சோதிப்பது?

ஷாம் நாட்டு அறிஞர் இருவர் இதனை எதிர்கொண்ட விதம் சிந்தனைக்குரியது. முதல்வர், சலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தவரான ஷைஸரீ. கடைத்தெருவைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கென 40 இயல்களில் நூல் யாத்தவர். கோழியின் நெஞ்சிறைச்சியை அவித்து, இழையிழையாகக் கிழித்துக் குங்குமப்பூவில் கலப்பாருண்டு என்றும், காடியில் இட்டால் அது சுருங்கிக் காட்டிக்கொடுக்கும் என்றும் எழுதுகிறார். ஆயினும் மறைவான கலப்படங்கள் பலவற்றைச் சொல்லாது விடுகிறார். மார்க்கப் பற்றில்லாதோர் கற்றுக்கொள்வர் என்ற அச்சமே காரணம்.

மற்றவர், டமாஸ்கஸை அடுத்த ஜவ்பரில் தோன்றிய ஜவ்பரீ. பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அர்துக் மரபின் மன்னர் மஸ்ஊதுக்காக 30 இயல்களில் ஏமாற்று வித்தைகளையெல்லாம் அவிழ்த்துக் கொட்டினார். தெருவில் பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டுவோர், குதிரைக்குச் சாயம் ஏற்றி விற்போர், போலி ரசவாதிகள் என ஒருவரையும் அவர் விட்டாரில்லை. (பல்லிற் புழு எடுப்போரை நம் ஊர்ச் சந்தைகளும் அறியும்!) அவர் உரைக்கும் வரலாறு ஒன்றைக் கேளுங்கள்.

அஜமி ஒருவன் டமாஸ்கஸுக்கு வந்தான். ஆயிரம் தீனார்களை அராவிப் பொடியாக்கி, வேறு சரக்குகளுடன் பிசைந்து உருண்டைகளாக்கினான். பின்னர்க் கந்தலுடுத்து, பக்கீரைப் போல் மருந்துச் சரக்குக் கடையொன்றை அணுகி, இது குராஸான் நாட்டுத் தபர்மக், நஞ்சை முறிக்கும் என்று கூறி, சொற்ப விலைக்குக் கொடுத்துச் சென்றான். கடைக்காரரும் ஒரு பெட்டியிலிட்டு மறந்தார்.

சின்னாள் கழித்து அவனே பட்டுடுத்து, பரிவாரத்துடன் தோன்றினான். பொன் செய்ய வல்லவன் என்ற பேச்சு சுல்தான் நூருத்தீன் மஹ்மூதின் செவிக்கு எட்டியது. அவர் எளிதில் மயங்குபவர் அல்லர்; 1154இல் அந்நகரைத் தம் ஆட்சிக்குள் கொணர்ந்து, அங்கே புகழ்பெற்ற மருத்துவமனையை நிறுவியவர்; நீதிக்குப் பெயர் பெற்றவர். அவர் முன்னிலையில் தேவையான சரக்குகளின் பட்டியலை அவன் தந்தான். அவற்றுள் ஒன்று தபர்மக்! நகரெங்கும் தேடி, அந்த ஒரு கடையில் மட்டும் கண்டெடுத்தனர். உலையிலிட்டுக் காய்ச்சவே, பொடியாய்ப் போன பொன் உருகித் திரண்டது. தபர்மக் தீர்ந்தது; குராஸானில் ஒரு குகையில் ஏராளம் உண்டு என்றான். சுல்தான் பெரும்பொருளும் வாகனங்களும் அளித்து அனுப்பினார். போனவன் போனவனே.

ஜவ்பரீ பிறருக்கு முந்திய காலத்துச் செய்தியைக் கேட்டெழுதினார். ஆகவே இதன் ஒவ்வொரு சொல்லுக்கும் நாம் பிணை நிற்க வேண்டுவதில்லை. ஆனால் நுட்பத்தைப் பாருங்கள். ஷைஸரீயின் சோதனைகள் எவையும் இங்கே பயன்பட்டிரா. அந்த உருண்டையில் இருந்தது மெய்யாகவே பொன்! பொய் சரக்கில் இல்லை. கந்தலுடுத்தவனும் பட்டுடுத்தவனும் ஒருவனே என்பதில் இருந்தது. அதனை ஒருவர் வெளிப்படச் சொன்னாலன்றி யார் அறிவார்? ஷைஸரீயின் அச்சம் நியாயமே எனினும், இவ்விடத்தில் என் மனம் ஜவ்பரீயின் பக்கமே சாய்கிறது.

அந்நகரில் ஏமாளிகளின் பெயர்களைக் குறித்து வைப்பான் ஒருவன் இருந்தான். அவன் ஏட்டில் சுல்தானின் பெயர் தலைப்பில் ஏறியது. அழைத்துக் கேட்டபோது, அந்த அஜமி திரும்பி வந்தால் தங்கள் பெயரை அழித்து அவன் பெயரை எழுதுவேன் என்றான். சுல்தான் நகைத்துப் பரிசளித்தார். அதன்பின் கையில் காசு தீரும்போதெல்லாம் அவன் கோட்டை வாயிலில் ஏட்டுடன் நிற்பான். சுல்தான் வெளிவருகையில் அதனை விரித்து, இன்னும் வரவில்லை, தங்கள் பெயர் அப்படியே இருக்கிறது என்பான்.