பெயரின் வாலில் ஒரு ஜி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலை. வாசலில் வேபிரிட்ஜ், பக்கத்தில் சின்ன அறை, அதற்குள் ஒரு பழைய 32 பிட் கணினி. லாரி மேடையில் ஏறினால் எடையும் நேரமும் அதில் பதிவாகும். ஓடுவது டெபியன் லினக்ஸ். அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருநாள் போனில் கேட்டான்: "ண்ணா, இதுல ஸெட்லிப்1ஜின்னு ஒரு பேக்கேஜ் இருக்கு. ஸெட்லிப்புங்கிறது லைப்ரரி பேரு, 1ங்கிறது நம்பர். கடைசில அந்த ஜி எதுக்கு?"

சின்னக் கேள்விதான். பதிலுக்கு 1997க்குப் போக வேண்டும்.

கோப்பைத் திறப்பது, நினைவகம் கேட்பது, மணி பார்ப்பது என்று எல்லா நிரல்களுக்கும் பொதுவான வேலைகளைச் செய்து தருவது சி லைப்ரரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லினக்ஸ்காரர்கள் குனு திட்டத்தின் சி லைப்ரரியிலிருந்து ஒரு கிளையைப் பிரித்துக்கொண்டார்கள். ஹெச்.ஜே. லூ அதைப் பராமரித்தார். அந்தக் கிளை லிப்சி5 வரை வளர்ந்தது. 1997 ஜனவரியில் குனு தரப்பிலிருந்து கிலிப்சி 2.0 வந்தது. பிரிந்துபோன கிளை தாய்வீட்டுக்குத் திரும்புவது என்று ஆயிற்று. லினக்ஸின் வரிசையில் அதற்குக் கிடைத்த எண் 6.

இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. லிப்சி5க்காகத் தொகுத்த நிரல், லிப்சி6க்காகத் தொகுத்த இன்னொரு லைப்ரரியை அழைத்தால், ஒரே நிரலுக்குள் இரண்டு சி லைப்ரரிகள் குடியேறும். ஒரே அடுப்படியில் இரண்டு மாமியார்கள் மாதிரி. நிரல் எந்த நேரமும் விழும். ஆகவே சி லைப்ரரியை மட்டும் மாற்றினால் போதாது, அதன்மேல் நிற்கும் ஒவ்வொரு லைப்ரரியையும் மறுபடி தொகுக்க வேண்டும். பழைய நிரல்கள் சாகாமலிருக்கப் பழைய பதிப்பும் கூடவே இருக்க வேண்டும்.

டெபியன்காரர்கள் கண்ட வழி எளிமையானது. புதிதாகத் தொகுத்த லைப்ரரிப் பொதிகளின் பெயரில் ஒரு ஜி சேர்த்தார்கள், கிலிப்சியின் ஜி. பழையவற்றைத் தனி அடைவில் ஒதுக்கி வைத்தார்கள். இரண்டு தலைமுறைகள் ஒரே வட்டில் சேர்ந்து வாழ்ந்தன. 1998 ஜூலை 24 அன்று டெபியன் 2.0 ‘ஹாம்’ வெளிவந்தது. 1500க்கும் மேற்பட்ட பொதிகள், நானூற்றுச் சொச்சம் தன்னார்வலர்கள். லிப்சி5 என்றைக்கோ மறைந்துவிட்டது, அந்த ஜி மட்டும் இன்னும் இருக்கிறது. பழைய பெயரை நம்பி ஏராளமான பொதிகள் நிற்கும்போது, அழகுக்காக மாற்ற யாருக்கும் மனம் வருவதில்லை.

நம் ஊர்க் கதையும் இதே வேரில்தான் ஒட்டியிருக்கிறது. சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனிலிருந்து கிளைத்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. இந்திய மொழிகளுக்கான ஏற்பாடுகளைச் சேர்த்தது பாஸின் உழைப்பு. ஆனால் அடியிலிருக்கும் லைப்ரரிகளை எப்போது மாற்றுவது, எதைக் கைவிடுவது என்ற முடிவுகள் டெபியனில் எடுக்கப்படுபவை. மடிக்கணினியை மேடையில் ஒருநாள் கொடுத்துவிடலாம். அதற்குள் இருப்பதை வருஷக்கணக்கில் பேணுவது வேறு வேலை. அதற்கு மேடை கிடையாது.

அந்த வேலையின் இன்னொரு பெரிய சுற்று 2024இல் வந்தது. 32 பிட்டில் எண்ணப்படும் நேரம், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு தீர்ந்துபோகும். அடுத்த நொடி கணினி 1901 டிசம்பருக்குப் போய்விடும். நேரத்தை 64 பிட்டாக்கினால் தீரும். ஆனால் நேரத்தைக் கைமாற்றும் ஒவ்வொரு லைப்ரரியும், அதை அழைக்கும் நிரலும் ஒரே அளவில் பேச வேண்டும். இம்முறை டெபியனில் வால் ‘டி64’. லிப்எஸ்எஸ்எல்3, லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. உள்ளே கோப்பின் பெயர் மாறாததால், 1998 போல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியவில்லை. எல்லாரும் சேர்ந்தே ஆற்றைக் கடக்க வேண்டும். கடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் ஒளித்து வைத்த பின்கதவு அம்பலமானது. உபுண்டு 24.04 தன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்துப் பொதிகளை மறுபடி தொகுத்தது. டெபியனில் இந்த மாற்றம் 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த 13ஆம் பதிப்பில் கரைசேர்ந்தது.

32 பிட் ஏஆர்எம் கணினிகள் அதில் பிழைத்துக்கொண்டன. 32 பிட் இன்டெல் வகையை மட்டும் டெபியன் மாற்றாமலே விட்டது. அந்த வகை இன்னும் உயிரோடிருப்பதே மூலநிரல் இல்லாத பழைய மென்பொருட்களை ஓட்டத்தான். மாற்றினால் அவை ஓடாது. நியாயமான முடிவு. அந்த நியாயத்தின் விலை வேபிரிட்ஜ் அறையில் தெரிகிறது. எடை பதியும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது தொழிலில் இல்லை. மூலநிரலும் ஆலையிடம் இல்லை.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லி முடித்தேன். அவன் 2011இல் பிளஸ் டூ படித்தவன், அந்த மடிக்கணினியை வாங்கியவன். லினக்ஸை முதலில் பார்த்ததும் அதில்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"2038ல எனக்கு 44 வயசுண்ணா. அப்பவும் இந்த ரூம்லதான் இருப்பேன். சேட்டுகிட்ட இப்பவே புது சாஃப்ட்வேருக்குச் சொல்லிடறேன். சோர்ஸோட குடுக்கச் சொல்லி."