செய்தவர் இல்லாத வாக்கியம்

பொகவந்தலாவைக் கடைவீதியில் மர்ஹூமான என் வாப்பா ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். கணக்குக் கொப்பிக்கென்று அங்கே ஒரு சாய்வு மேசை இருந்தது. ஆனால் கணக்கைவிடத் தோட்டத்து மக்களின் கடதாசிகளே அதில் அதிகம் விரிந்தன. வாப்பாவுக்கு ஓரளவு ஆங்கிலம் வரும். சம்பள நாளில் அரிசியும் கருவாடும் வாங்க வருகிறவர்கள், நான்காக மடித்த கடிதத்தை மடியிலிருந்து எடுத்து, "இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க நானா" என்பார்கள்.

1962 அல்லது 1963 ஆக இருக்கலாம். எனக்கு எட்டு வயது. கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா கொண்டுவந்த கடிதத்தை வாசித்துவிட்டு, "பிரஜாவுரிமை மனு நிராகரிக்கப்பட்டிருக்கு" என்றார் வாப்பா.

"யாரு நானா நிராகரிச்சது? தொரையா?"

"இல்ல."

"கணக்கப்புள்ளையா?"

"இல்லம்மா. யாருன்னு இதில எழுதல்ல."

கீழே ஒரு கையெழுத்து இருந்தது. அது கடிதத்தை அனுப்பியவருடையது. தீர்மானித்தவர் யாரென்பது எங்குமில்லை. அந்த அம்மா கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டார்.

பிற்காலத்தில் ஆங்கில இலக்கணம் படித்தபோது, அந்த அம்மாவைத் திகைக்க வைத்தது 'பாஸிவ் வொய்ஸ்' என்று அறிந்தேன். தமிழில் செயப்பாட்டு வினை. செயலுக்கு ஆளானவர் எழுவாயாக முன்னே வருவார். செய்தவர் 'பை' என்ற சொல்லோடு பின்னே தள்ளப்படுவார். செய்தவர் யாரென்று தெரியாவிட்டால், அல்லது முக்கியமில்லாவிட்டால், அவரை விட்டுவிடலாம் என்று இலக்கண நூல்கள் கூறும். ஆங்கில அரச கடிதங்களிலும் சட்டங்களிலும் அதிகம் புழங்கும் வாக்கிய அமைப்பு இதுவே.

இதை எண்ணும்போதெல்லாம் எங்கள் ஊரின் சென் மேரிஸ் தேவாலய வளவிலுள்ள ஒரு கல்லறை நினைவுக்கு வரும். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1879இல் காலமாகி அங்கே அடக்கமானார். மறு ஆண்டு அவரருகே அடக்கமானவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன். கோல்புறூக் - கமரூன் ஆணைக்குழு என்று பாடசாலையில் மனனம் செய்தோமே, அந்தக் கமரூன்தான். இலங்கையின் 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயம் அவருடைய பரிந்துரைகளிலிருந்து எழுந்தது. பின்னர் இந்தியாவில் மெக்காலேயின் சட்ட ஆணைக்குழுவிலும் இருந்தார்.

செயப்பாட்டு வினையை அவர் கொண்டுவந்தார் என்று நான் கூற வரவில்லை. அவர் பெந்தமின் சீடர். ஆள் பார்த்து மாறாத நீதி வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. சட்டத்தில் ஆளின் பெயர் இல்லாதிருப்பதற்கு அப்படியொரு நல்ல நியாயமும் உண்டு. இன்னார் செய்தால் குற்றம், இன்னார் செய்தால் குற்றமில்லை என்று ஆகிவிடக் கூடாதல்லவா?

ஆனால் மலையகத்தில் அந்த நியாயம் தலைகீழாகியது. 'துண்டு' என்ற சீட்டை எடுத்துக்கொள்வோம். கடன் செலுத்தப்பட்டால் தொழிலாளி விடுவிக்கப்படுவார் என்பதே அதன் சாரம். கடன் எப்படி ஏறியது, கங்காணி எவ்வளவு சேர்த்தார் என்பதற்கு அதில் இடமில்லை. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறப்பைப் பற்றிப் பேசியது. தமிழில் 'பிறந்தேன்' என்பது நானே செய்த வினை. ஆங்கிலத்தில் அதுவும் செயப்பாட்டு வடிவம்தான். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கே? 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கே. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களை ஏற்றிச் சென்ற தலைமன்னார் ரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டார்கள்.

வாப்பா தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கும் அதே கடிதம் வந்தது. ஊராருக்கெல்லாம் உரத்து வாசித்தவர், அதை மட்டும் வாசித்துக் காட்டவில்லை. மேசைக்குள் வைத்துப் பூட்டினார். நாடற்றவராகவே 1986இல் மவுத்தானார். அவருடைய கபுறும் கமரூனின் கல்லறையும் ஒரே ஊரில்தான்.

தகப்பனுக்கு இல்லாததால் எனக்கும் பிரஜாவுரிமை இல்லை. அரச பாடசாலையில் ஆசிரியராக வழியில்லை. ஹட்டனில் டியூஷன் வகுப்பெடுத்துப் பிழைத்தேன். ஆங்கில இலக்கணம்தான் கற்பித்தேன். லயத்துப் பிள்ளைகளிடம், "செய்தவர் முக்கியமில்லாவிட்டால் விட்டுவிடலாம்" என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நானே. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பிரஜாவுரிமை வழங்கப்பட்டிருந்தது. மகிழ்ச்சியில் கண் கலங்கியபோதும், அந்த அம்மாவின் கேள்வி வந்து நின்றது. யார் வழங்கினார்? எடுத்தவர் யாரென்று சொல்லாமலே எடுத்தார்கள். கொடுத்தவர் யாரென்று சொல்லாமலே கொடுத்தார்கள். எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது.

இப்போது எங்களுக்குத் தமிழிலேயே கடிதங்கள் வருகின்றன. 'கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்', 'அறிவிக்கப்படுகிறது' என்று அவை எழுதுகின்றன. எழுத்து தமிழ், வாக்கியம் பழைய கந்தோருடையது. எங்கள் பள்ளிவாசல் பலகையிலும், சங்க அறிக்கைகளிலும் அதுவே. நாமும்தான் எழுதுகிறோம்.

வாப்பா பின்னாளில் கடிதம் வாசிக்கும் முறையை மாற்றிக்கொண்டார். "நிராகரிக்கப்பட்டிருக்கு" என்று சொல்வதை விட்டுவிட்டார். "கொழும்பில இருக்கிற ஆரோ ஒரு ஆள் உங்கட மனுவத் தள்ளிட்டார். பேர் போடல்ல. பேரக் கேட்டு எழுதுவமா?" என்பார். சிலர் "எழுதுங்க நானா" என்றார்கள். பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் கேட்டு எழுதிய கடிதங்களின் பிரதிகள் அந்த மேசைக்குள் இருந்தன. ஒவ்வொன்றும் "நான் கேட்கிறேன்" என்றுதான் தொடங்கியது.