ஃபுஜிவாரா நோ தெய்க்கா: கவித்திறனும் கொள்வினை கொடுப்பினையும்

ஃபுஜிவாரா நோ தெய்க்காவை (1162–1241) இலக்கிய வரலாறு கவிஞராகவும், ‘ஷின்கொகின்ஷூ’ என்னும் பாடல் தொகுப்பைத் தொகுத்தவர்களுள் ஒருவராகவும் அறியும். அவருடைய அரசவை வாழ்வைப் பேசுவோரும் கவித்திறமே அவரை உயர்த்தியது என்று முடித்துவிடுவது வழக்கம். பதவி பெற்ற ஆண்டுகளைக் குடும்ப உறவுகளோடு சேர்த்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது. பாட்டு அவரை அவைக்குள் நுழைய வைத்தது. மேலே ஏற்றியவை பெரும்பாலும் பெண்வழி உறவுகள்.

பிறப்புவழிப் பெருமைக்குக் குறைவில்லை. பெரும் அதிகாரம் செலுத்திய மிச்சினாகாவின் மகன் நாகாயியே வழிவந்த மிகோஹிதாரிக் கிளை அவருடையது. ஆனால் ஃபுஜிவாரா என்ற பெயர் தலைநகரில் மலிந்திருந்த காலம் அது. தந்தை ஷுன்ஸெய் சிறு வயதில் தகப்பனை இழந்து, வேறொரு வீட்டுப் பிள்ளையாக வளர்ந்து, 1167-இல்தான் சொந்தக் கிளைக்குத் திரும்பினார். அரசவைப் படிநிலையில் மூன்றாம் நிலையை எட்டியும் ஆலோசனை அவையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. குலப்பெயர் மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தெய்க்காவின் சுபாவமும் அவருக்கு உதவவில்லை. 1185-இல் அரண்மனையில் தம்மை இழிவுபடுத்திய மினாமோட்டோ நோ மசாயுக்கியைக் கைவிளக்கால் அடித்து, அவைக்கு வரும் உரிமையை இழந்தார். முதிய தந்தை கெஞ்சி எழுதித்தான் அதை மீட்டார். பிறகு செல்வாக்குள்ள குஜோ குடும்பத்துக்கு ஊழியம் செய்து முன்னேறப் பார்த்தார். 1196-இல் குஜோ கனேசானே அரசியல் சூழ்ச்சியில் வீழ்ந்தபோது அந்த வழியும் அடைபட்டது.

என் வாதத்துக்கு எதிராக 1200-ஐக் காட்டலாம். முன்னாள் பேரரசர் கோ-டோபா கேட்ட நூறு பாடல் வரிசைக்கான கவிஞர் பட்டியலில் முதலில் தெய்க்காவின் பெயர் இல்லை. பின்னர் சேர்க்கப்பட்டு, பாடல்கள் பேரரசருக்குப் பிடித்துப்போய், இடையில் மீண்டும் இழந்திருந்த அவை நுழைவு திரும்பக் கிடைத்தது. இங்கே கவிதை வென்றது உண்மை. ஆனால் விலக்கப்பட்ட பெயரைச் சேர்க்க வைத்தது எண்பது வயதைக் கடந்த ஷுன்ஸெயின் மடல். பாட்டைப் படிக்க வைக்கவே உறவு தேவைப்பட்டது. கோ-டோபா தெய்க்காவின் கவிதையை எவ்வளவு மதித்தாரோ, பதவி வழங்குவதில் அவ்வளவு கைச்சுருக்கம் காட்டினார் என்பதும் கவனிக்கத்தக்கது.

1211-இல், ஐம்பதை நெருங்கிய வயதில், தெய்க்காவுக்கு மூன்றாம் நிலை வாய்த்தது. அதற்கு முன் அவருடைய அக்கா ஒருவர், தமக்குரிய பண்ணையை கோ-டோபாவின் செவிலித்தாய் ஃபுஜிவாரா நோ கனேக்கோவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கவிஞரின் பதவி உயர்வு நிலமாக விலை பேசப்பட்டது என்றால் மிகையல்ல. 1214-இல் தந்தைக்குக் கிட்டாத ஆலோசகர் இடமும் வந்தது.

எல்லாவற்றிலும் வலுவானது மனைவிவழி உறவு. தெய்க்கா முதல் மனைவியைப் பிரிந்து, சைஒஞ்சி கின்ட்சுனேயின் அக்காள் தங்கையருள் ஒருவரை மணந்தார். கின்ட்சுனேயின் மனைவியோ காமாக்குரா வீரர் ஆட்சியை நிறுவிய யோரிட்டோமோவின் உறவினர். 1220-இல் ஒரு பாடல் கோ-டோபாவுக்குச் சினமூட்ட, தெய்க்கா கவியரங்குகளிலிருந்து தள்ளிவைக்கப்பட்டார். கவித்திறனே பதவிக்கு ஆதாரமாக இருந்திருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். மறு ஆண்டு காமாக்குராவுக்கு எதிரான ஜோக்யூ போரில் கோ-டோபா தோற்று ஓக்கித் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். கின்ட்சுனே 1222-இல் தலைமை அமைச்சரானார். மைத்துனர் நிழலில் தெய்க்கா 1227-இல் மூத்த இரண்டாம் நிலையையும் 1232-இல் இடைநிலை ஆலோசகர் பதவியையும் பெற்றார். அவர் தனியாகத் தொகுத்த ‘ஷின்சொகுசென்ஷூ’வில் கின்ட்சுனேயின் பாடல்கள் உண்டு, கோ-டோபாவின் பாடல்கள் நீக்கப்பட்டன. நூலைத் தரம் பார்க்கும் திறனாய்வாளர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

தெய்க்கா இந்த நடைமுறையை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். முதல் மனைவியின் மகன் மிட்சுயியேயை விட்டு, கின்ட்சுனேயின் சகோதரி மகனான இளையவன் தமேயியேயை வாரிசாக்கினார். தமேயியே மணந்தது காமாக்குரா வீரர் உட்சுனோமியா யோரிட்சுனாவின் மகளை. அப்பாவும் தாத்தாவும் எட்டாத பதவியை அவர் எட்டினார். அவருக்குப் பின் இதே தாய்வழிப் பிடிமானம் வீட்டையே பிளந்தது. உட்சுனோமியா மகளின் பிள்ளை தமேஉஜியும், பிந்தைய மனைவி அபுட்சுவின் பிள்ளை தமேசுக்கேயும் ஹொசொகாவாப் பண்ணைக்கு உரிமை கோரினர். 1279-இல் அபுட்சு அந்த வழக்கோடு புறப்பட்டது காமாக்குராவை நோக்கி. கியோத்தோவில் தீர்ப்புக் கிடைக்கும் என்று அவர் நம்பவில்லை.