ஒரு கைத்துப்பாக்கியைப் பரிசாகக் கொடுப்பது

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை அமெரிக்காவிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் ஆசிரியர் கலாசாலையில் எங்களோடு ஒரே அறையில் இருந்த மயிலிட்டி நண்பர். "மச்சான், எங்கட வீட்டுக்காரக் கிழவருக்கு வாற மாதம் 80 வயசு. வியட்நாமில சண்டை பிடிச்ச மனுசன். எனக்கு வேலை இல்லாத நேரம் வாடகை கேக்காம இருந்தவர். ஆமிக்காரர் வச்சிருந்த மாதிரி ஒரு பிஸ்டல் வாங்கிக் குடுக்கப் பாக்கிறன். விலை குறைஞ்சதா எது நல்லது? நீ வரலாறு படிப்பிக்கிறனிதானே."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் மயிலிட்டி மக்கள் உடுத்த உடுப்போடு ஓடினார்கள். ஊரும் துறைமுகமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. துறைமுகமும் அதனை ஒட்டிய 54 ஏக்கர் காணியும் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலை 3 இல். எமது நண்பர் முகாமில் பிறந்தவர். அவர் வாயிலிருந்து "பிஸ்டல் நல்லதா பாத்துச் சொல்லு" என்று கேட்பதற்கு நாம் தயாராக இருக்கவில்லை. ஆனாலும் கேள்வி நன்றியில் பிறந்தது. அதனால் தேடிப் பார்த்தோம்.

அமெரிக்க முன்னாள் படையினருக்குப் பரிசு என்றால் பலரும் முதலில் சொல்வது எம் 1911 என்ற கைத்துப்பாக்கியைத்தான். ஜோன் பிரவுணிங் வடிவமைத்தது. 1911 மார்ச் மாதம் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்டது. 1985 இல் இத்தாலியின் பெரெட்டா அதன் இடத்துக்கு வரும் வரை, இரண்டு உலகப் போர்கள், கொரியா, வியட்நாம் எல்லாவற்றிலும் இடுப்பில் தொங்கியது அதுதான். ரவைக்கூட்டில் 7 ரவை. நிறை ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

இரண்டாம் உலகப் போரில் தேவை கூடியபோது துவக்குக் கம்பனிகள் மட்டும் போதவில்லை. கந்தோர்களில் தட்டச்சு இயந்திரமாக எங்கள் பெரியவர்கள் கண்ட ரெமிங்டன் பெயர் கொண்ட ரெமிங்டன் ராண்ட் கம்பனிதான் அந்தப் போர்க்காலத்தில் ஆகக் கூடுதலாக இவற்றைச் செய்தது. எங்கள் உம்மாமாரின் தையல் மெசினில் எழுதியிருக்குமே சிங்கர், அந்தக் கம்பனியும் 500 செய்து கொடுத்தது. அந்த 500 இல் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் ஒரு இலட்சம் டொலரையும் தாண்டுகிறது. நண்பருக்கு அது சரிவராது.

அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இராணுவக் களஞ்சியத்தில் மிஞ்சிய பழைய துப்பாக்கிகள். 2018 இல் சிஎம்பி என்ற அமைப்பு அவற்றைக் குலுக்கல் போன்ற முறையில் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. தொடங்கியபோது தரத்தைப் பொறுத்து விலை 850 முதல் 1050 டொலர் வரை. உண்மையில் ஒரு சிப்பாயின் கையில் இருந்த பொருள் என்பதுதான் அதன் மதிப்பு. மற்றது, அதே வடிவில் புதிதாகச் செய்த மலிவான பிரதி. ஏறத்தாழ 500 டொலருக்குக் கிடைக்கும். அவற்றில் பெயர்பெற்றவை பிலிப்பைன்ஸில், மணிலாவுக்குப் பக்கத்திலுள்ள மரிகினாவில், ஆர்ம்ஸ்கோர் என்ற கம்பனி செய்பவை.

பிலிப்பைன்ஸ் என்ற பெயரைக் கண்டதும் நாம் நின்றுவிட்டோம். ஏனென்றால் இந்தத் துப்பாக்கியின் கதையே அங்கேதான் தொடங்குகிறது.

1898 இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்கு மாறியது. தெற்கே மிந்தனாவோ, சூலு தீவுகளில் இருந்த முஸ்லிம்கள் புதிய எசமானை ஏற்கவில்லை. அப்போது அமெரிக்கப் படை வைத்திருந்தது 0.38 அங்குல ரிவோல்வர். வாளோடு பாய்ந்து வந்தவர்கள் பல ரவைகள் பட்ட பிறகும் விழாமல் வந்து வெட்டினார்கள் என்று முறைப்பாடுகள் போயின. பழைய 0.45 ரிவோல்வர்களைத் தூசு தட்டித் திருப்பி அனுப்பினார்கள். 1904 இல் தொம்சன் என்ற இராணுவ அதிகாரியும் லாகார்ட் என்ற வைத்தியரும் சிக்காகோ இறைச்சித் தொழுவங்களில் உயிரோடிருந்த மாடுகளிலும், வேறாக மனிதச் சடலங்களிலும் சுட்டுப் பரிசோதித்தார்கள். 0.45 இற்குக் குறைந்த ரவை படைக்கு உதவாது என்று எழுதினார்கள். அந்த முடிவிலிருந்துதான் பிரவுணிங்கின் துப்பாக்கிக்கு அளவு வந்தது.

1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புட் தாஹோ என்ற எரிமலை வாயில் ஒதுங்கியிருந்தவர்களை அமெரிக்கப் படை சூழ்ந்தது. இறந்தவர்கள் அறுநூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையில். பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். மார்க் ட்வெயின் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

அந்த மக்களுக்கு ஸ்பானியர் வைத்த பெயர் 'மோரோ'. தங்கள் நாட்டில் தாங்கள் சண்டையிட்ட முஸ்லிம்களின் பெயரையே கடல் கடந்து வந்து இவர்களுக்கும் ஒட்டினார்கள். அதே வேலையை இலங்கையில் போர்த்துக்கேயர் செய்தார்கள். அவர்கள் எங்களை 'மௌரோ' என்றதுதான் பிறகு ஆங்கிலத்தில் 'மூர்' ஆகி, இன்றும் சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைச் சோனகர் என்பதற்கு நேரே நிற்கிறது. யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவனுக்கும் ஹோலோ தீவில் பிறந்தவனுக்கும் மொழி வேறு, உணவு வேறு. வெள்ளைக்காரன் பதிந்த பெயர் மட்டும் ஒன்று. அந்தப் பெயர்காரனை நிறுத்துவதற்குப் போதாது என்று பெரிதாக்கப்பட்ட ரவைதான் இப்போது மினுக்கித் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பரிசாகப் போகிறது. அந்த நாட்டிலேயே மலிவாகச் செய்கிறார்கள் என்பது இன்னொரு விந்தை. செய்கிற தொழிலாளியைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும்.

கைத்துப்பாக்கி கைமாறும் காட்சி எங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. மயிலிட்டிக்கு அடுத்த ஊர் பலாலி. 1987 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு கிழமையில், பலாலி விமானத் தளத்தில் ஒரு மேசை போட்டார்கள். புலிகளின் சார்பில் யோகி வந்து ஒரு மௌசர் கைத்துப்பாக்கியை மேசையில் வைத்தார். பாதுகாப்புச் செயலாளர் ஜெனரல் சேபால ஆட்டிகல ஜனாதிபதியின் பொதுமன்னிப்புக் கடிதத்தைக் கொடுத்தார். இந்தியத் தளபதிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரேயொரு பிஸ்டல்தான், ஆனால் ஒரு போர் முழுவதையும் அதில் ஏற்றி வைத்தார்கள். ஒக்டோபர் 10 ஆம் திகதி இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது.

மூன்று வருடம் கழித்து, 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். சொன்னவர்களின் கையில் துவக்கு இருந்தது. எங்கள் வாப்பா அதைப் பற்றிப் பேசும்போது துவக்கின் பெயரைச் சொல்வதில்லை, "அது" என்பார். மயிலிட்டியார் ஜூனில் போனார்கள், நாங்கள் ஒக்டோபரில். போக வைத்தவர்கள் வேறு வேறு. நண்பரும் நாமும் கலாசாலை விடுதியில் இரவிரவாகப் பேசியது இதைத்தான்.

இலங்கையில் இந்தக் கேள்வியே எழாது. 1916 ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்குத் துவக்கைப் பரிசாகவும் கொடுக்க முடியாது. 2024 நவம்பரில், பாதுகாப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்தவற்றைக்கூட அரசாங்கம் திருப்பிக் கேட்டது. அமெரிக்காவில், சொந்தக் காசில் வாங்கி மனமறிந்து பரிசளிப்பது குற்றமில்லை. இன்னொருவர் காசில் அவருக்காக வாங்கிவிட்டுத் "எனக்குத்தான்" என்று படிவத்தில் எழுதுவதுதான் குற்றம். மாமாவுக்காக அப்படி வாங்கிய முன்னாள் பொலிஸ்காரர் ஒருவரின் தண்டனையை 2014 இல் அவர்களின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இத்தனையும் நண்பருக்குச் சொன்னோம். இன்னும் இரண்டு விஷயமும் சொன்னோம். வியட்நாமில் சாதாரண காலாட்படைச் சிப்பாயின் கையில் இருந்தது நீளத் துவக்கு. பிஸ்டல் பெரும்பாலும் அதிகாரிகளுக்கும் இயந்திரத் துப்பாக்கிக்காரருக்கும் இன்னும் சிலருக்கும்தான். கிழவர் எதைத் தூக்கியவர் என்று கேட்காமல் "நீங்கள் வச்சிருந்தது" என்று கொண்டுபோய் நீட்டினால், அவர் முகத்துக்காகச் சிரிப்பார்.

மற்றது சொல்லத் தயங்கிய விஷயம். அமெரிக்க முன்னாள் படையினரில் 2022 இல் நாளொன்றுக்குச் சராசரி 17 பேருக்கு மேல் தற்கொலை செய்தார்கள் என்று அந்த நாட்டின் முன்னாள் படையினர் திணைக்களமே கணக்குக் காட்டுகிறது. பத்தில் ஏழுக்கு மேல் துப்பாக்கியால். 80 வயது, தனி வீடு, மனைவி இருக்கிறாரா, இரவில் நித்திரை கொள்கிறாரா என்று எமக்குத் தெரியாது. "முதலில் அவருடைய மகளிடம் கேள் மச்சான், கடையில் பிறகு கேட்கலாம்" என்றோம்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அவர் வியட்நாமைப் பற்றி ஒருநாளும் கதைச்சதில்லையடா" என்றார். மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை.