எழுதாத ரகரம்



எழுத்துக் கூட்டிப் படிப்பவரைத் திகைக்க வைக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் பல உள. அவற்றுள் ஒன்று, படைத்தலைவர் ஒருவரின் பதவியைக் குறிப்பது. ஸி, ஓ, எல், ஓ, என், இ, எல் என்பன அதன் எழுத்துகள். எழுத்தை நம்பினால் 'கொலொனெல்' என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலேயரோ அமெரிக்கரோ அவ்வாறு சொல்வதில்லை. அமெரிக்கர் வாயில் அது 'கர்னல்' என ஒலிக்கிறது. ஏட்டில் இல்லாத ரகரம் நாவில் எங்ஙனம் வந்தது?

இத்தாலிய மொழியில் 'கொலொன்னா' என்றால் தூண். தூண்போல் நீண்டு நிற்கும் படையணிக்குத் தலைவன் 'கொலொன்னெல்லோ' எனப்பட்டான். 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் இச்சொல்லைக் கடன் வாங்கினர். ஒரே சொல்லில் லகரம் அடுத்தடுத்து வருவது நாவுக்கு இடர் தரவே, முன்னதை ரகரமாக்கிக் 'கொரொனெல்' என்றனர். ஆங்கிலேயர் முதலில் பெற்றது இவ்வடிவமே. பின்னர் இத்தாலியப் போர்நூல்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டன. கற்றோர் மூலச்சொல்லைக் கண்டு எழுத்தைத் திருத்தினர். எழுத்து இத்தாலிக்குத் திரும்பிற்று. ஒலியோ பிரான்சிலேயே தங்கிவிட்டது! லகர வழக்கும் ரகர வழக்கும் நெடுங்காலம் உடன் வாழ்ந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரகரமே வென்றது.

'கலர்' என்னும் சொல்லினின்று வேண்டாத 'யூ' எழுத்தைக் களைந்தவர் அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர். 1828-இல் வெளிவந்த அவருடைய அகராதியிலும் இப்படைத்தலைவரின் எழுத்துகள் பழையபடியே நின்றன. சீர்திருத்தக்காரர் கைக்கும் எட்டாத சொல் இது.

இனி இரண்டாவது வேடிக்கையைக் காண்போம். இச்சொல்லில் ரகரம் வென்ற காலத்திலேயே, இலண்டன் மாநகர் மெய்யெழுத்துக்கு முன்வரும் ரகரத்தைப் பேச்சில் கைவிடலாயிற்று. ஆகவே இலண்டன்காரர் இச்சொல்லில் முதல் உயிரை மட்டும் நீட்டிச் சொல்வர். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பாஸ்டன், நியூயார்க், சார்ல்ஸ்டன் முதலிய துறைமுக நகரங்கள் இலண்டன் நாகரிகத்தைப் பின்பற்றின. பிலடெல்பியாவும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழிவந்தோர் பெரிதும் குடியேறிய உள்நாடும் ரகரத்தை விடவில்லை. 1933-இல் குடியரசுத் தலைவர் பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசியபோது, ரகரம் தேய்ந்த பேச்சே உயர்குடியின் அடையாளமாயிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று திசை மாறிற்று. 1962 நவம்பரில் வில்லியம் லபோவ் என்னும் மொழியறிஞர் நியூயார்க்கின் மூன்று பெருங்கடைகளுக்குச் சென்றார். நான்காவது மாடியில் உள்ள பொருள் ஒன்றைக் குறித்து, அது எங்கே கிடைக்கும் என்று பணியாளரை வினவினார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று விடை வந்தது. காது கேளாதவர்போல் மறுபடியும் கேட்டார். பணியாளர் சற்றுக் கருத்தோடு திரும்பச் சொன்னார். இவ்வாறு 264 பேரின் பேச்சை ஆராய்ந்தார். செல்வர் செல்லும் சாக்ஸ் கடையில் நூற்றுக்கு 62 பேர் ரகரத்தை ஒலித்தனர். நடுத்தர மக்களின் மேசிஸ் கடையில் 51 பேர். மலிவுச் சரக்கு விற்ற கிளைன் கடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. ஒரு தலைமுறைக்கு முன் பெருமை தந்த பேச்சு, இப்போது எளியோரின் அடையாளமாகிவிட்டது. ஒலி மாறவில்லை, அதை மதிப்பவர் மனமே மாறிற்று.

அமெரிக்கரைப் போல் இச்சொல்லைச் சொல்ல விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. அவர்கள் ரகரத்தில் நா அண்ணத்தைத் தொடுவதில்லை. நம் ரகரம்போல் அதிர்வதுமில்லை. சிலர் நுனிநாவை மேலே வளைப்பர். சிலர் நாவின் நடுவை உயர்த்துவர். நுனியை வளைத்துச் சொல்வோரின் ஒலி நம் ழகரத்துக்கு நெருங்கிய உறவு உடையது. முதல் அசையில் உயிரும் ரகரமும் பிரிக்கவொண்ணாமல் ஒன்றாகிவிடும். அழுத்தம் அங்கேதான் விழும். பின்னுள்ள 'னல்' மெலிந்து ஒலிக்கும்.

இதனை நாம் பயில்வது நன்றே. ஆயினும், பிழைபடச் சொன்ன பிள்ளையை வகுப்பில் எள்ளி நகையாடுவது நன்றன்று. அப்பிள்ளை எழுத்தை நம்பிற்று, எழுத்தன்றோ பொய்த்தது! எது செவ்விய ஒலி என்பதை இலக்கணம் மட்டும் முடிவு செய்வதில்லை. எவர் செல்வாக்குடன் இருக்கிறார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. தமிழர் இச்சொல்லைக் 'கர்னல்' என்று எழுதியபோது ஆங்கில ஏட்டைப் பார்க்கவில்லை, செவியையே நம்பினர். ஆங்கில எழுத்தில் மறைந்த ரகரம் தமிழ் எழுத்தில் வெளிப்பட்டு நிற்கிறது.