உடலெனும் அடுப்பும் மூவகை விறகும்

ஊர் மாறினால் உணவும் மாறுகிறது. சோறுண்டு பழகிய நாம் தில்லியில் கோதுமைக்கும் வங்காளத்தில் கடுகெண்ணெய்க்கும் பழகிக்கொள்கிறோம். நாக்கு சிறிது காலம் முணுமுணுக்கலாம், உடலோ திகைப்பதில்லை. எந்த உணவாயினும் அதை எரித்து வலிமையாக்கும் வித்தை உயிரணுவுக்குத் தெரியும். அந்த வித்தையை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றில் நமது சென்னை மாகாணத்தின் துயரமும் ஓர் ஏடாக அமைந்திருக்கிறது.

பிரெஞ்சு அறிஞர்களான லவாய்சியரும் லப்லாசும் கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்தனர். அதன் உடற்சூட்டால் உருகிய பனியையும், அது வெளியிட்ட கரியமில வாயுவையும் அளந்தனர். மூச்சுவிடுதல் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்று 1783-இல் அவர்கள் உலகுக்கு உரைத்தனர்.

எரிவது எது என்னும் வினா எஞ்சி நின்றது. ஜெர்மானிய ரசாயன மேதை லீபிக் 1842-இல் ஒரு விடை கூறினார். மாவுப்பொருளும் கொழுப்பும் உடலுக்குச் சூடு தருவன. தசையின் உழைப்புக்கு ஆதாரம் புரதமே என்பது அவரது கொள்கை. அவர் புகழ் பெரிதாதலால் பலரும் அதனை ஏற்றனர்.

சூரிச் நகரப் பேராசிரியர்களான பிக், விஸ்லிசேனஸ் ஆகிய இருவரும் அதனைச் சோதிக்கத் துணிந்தனர். 1865 ஆகஸ்ட் 30-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பால்ஹார்ன் மலைமீது 1,956 மீட்டர் உயரம் ஏறினர். முந்தைய நண்பகல் முதல் புரதமுள்ள உணவை விலக்கி, கொழுப்பில் பொரித்த மாவுப் பணியாரத்தையும் சர்க்கரையிட்ட தேநீரையுமே உட்கொண்டனர். சிறுநீரில் கழிந்த நைட்ரஜனை அளந்து பார்த்தபோது, ஒவ்வொருவர் உடலிலும் சுமார் 37 கிராம் புரதமே சிதைந்திருந்தது. உடலை அவ்வளவு உயரம் தூக்கும் வேலைக்குக்கூட அந்தப் புரதத்தின் ஆற்றல் போதாது. ஆகவே உழைப்புக்கு மாவும் கொழுப்புமே முதன்மையான விறகு என்பது தெளிவாயிற்று.

எவ்வகை விறகு என்பதோடு எவ்வளவு விறகு என்பதும் கேள்வியல்லவா? 1877-இல் சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. நிவாரண வேலையில் மண் சுமந்த ஆடவனுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் சிறிதளவு காசும் போதும் என்று அரசின் தூதர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு ராத்தல் அரிசி தருவது ஏறத்தாழ 1,600 கலோரியே. கடுமையாக உழைப்பவனுக்கோ 3,000 கலோரி அளவு வேண்டும். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எலும்புந்தோலுமாய் வீழ்ந்தவர் பலர்.

அவர்கள் உடலுக்குள் நிகழ்ந்தது என்ன என்பதைப் பிற்கால அறிவியல் விளக்கியது. கொழுப்பமிலம் இரண்டிரண்டு கரியணுக்களாக நறுக்கப்படுவதை 1904-இல் நூப் காட்டினார். சர்க்கரையும் பிளவுபட்டு அதே அளவு துண்டாகிறது. புரதம் தன் நைட்ரஜனை யூரியாவாகக் கழித்துவிட்டு, எஞ்சிய பகுதியை அனுப்புகிறது. மூன்றும் வந்து சேரும் வட்டப் பாதையை 1937-இல் ஷெபீல்டு நகரில் கிரெப்ஸ் கண்டறிந்தார். வழிகள் மூன்றாயினும் அடுப்பு ஒன்றே. அங்கே பிறக்கும் ஆற்றலைச் செலவுக்குரிய நாணயம்போல் ஏந்தி நிற்பது ஏ.டி.பி. என்னும் பொருள். 1929-இல் அதனைக் கண்டவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை.

பட்டினியில் முதலில் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளில் தீர்கிறது. பின்னர்க் கொழுப்பு எரிகிறது. ஆனால் மூளை சர்க்கரையை வேண்டுகிறது. கொழுப்பமிலத்திலிருந்து உடலால் சர்க்கரை ஆக்க இயலாது. எனவே தசைப் புரதம் கரைந்து சர்க்கரையாகிறது. நாளடைவில் கொழுப்பிலிருந்து தோன்றும் கீட்டோன் பொருள்களை மூளை ஏற்பதால் இந்த அழிவு தணிகிறது, நின்றுவிடுவதில்லை. குறைந்த கூலிக்கு மண் சுமந்தவன் தன் தசையையே விறகாக்கி உழைத்தான் என்பது வெறும் உவமையன்று, ரசாயன உண்மை.

அடுப்பு எவ்விறகையும் ஏற்கும். விறகு குறைந்தால் வீட்டின் தூண்களையே எரிக்கும். புரதம் உடலைக் கட்டும் பணிக்கு நிற்க வேண்டுமானால், மாவும் கொழுப்பும் வயிறார வேண்டும். உழைப்பவருக்குக் கூலி வகுக்கும் எவரும் மறக்கலாகாத கணக்கு இது.